தண்ணீரில்லாமல் ஒரு கல்: நிலாவின் கந்தகத்தைப் பாடசாலை முற்றத்தில் படிப்பது எப்படி

எங்கள் விஞ்ஞான கூடத்து ஜன்னல் கட்டையில் ஒரு கல் இருக்கிறது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைந்த நீளம், இரண்டு விரல் அகலம், ஒரு விரல் கனம். சாம்பலில் மஞ்சள் ஏறிய நிறம், பழைய பித்தளைச் செம்பு போல மங்கலாக இருக்கும். கையில் எடுத்தால் சீமெந்துக் கல் போலத்தான் பாரம் தெரியும். ஆனால் அதில் சீமெந்து ஒரு சிட்டிகையும் இல்லை, தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. கல்தூளையும் கந்தகத்தையும் சூடாக்கிக் கலந்து வார்த்த கல் அது. அதை எப்படிச் செய்வது, செய்யும்போது நிலாவைப் பற்றி என்னென்ன பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று எழுதிவைக்கிறேன்.

டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன வருடம் மாசி மாதம் நல்ல வெயில். லயத்துப் பீலியில் தண்ணீர் நூலாக வடிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் காலையில் குடம் பிடித்து வைத்துவிட்டுத்தான் பாடசாலைக்கு வந்தார்கள். அன்று தரம் 10இல் சீமெந்து இறுகுவதைப் பற்றிப் பாடம். சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வேதியியல் தாக்கம் நடந்துதான் இறுகுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின் வாங்கிலிருந்து ஒரு பையன் எழும்பினான். "டீச்சர், எங்க பீலியிலயே தண்ணி இல்ல. நிலாவுக்குப் போறவங்க எப்படிச் சீமெந்து குழைப்பாங்க?"

அந்தக் கேள்விக்கு நான் ஒரு வாரம் கழித்துத்தான் பதில் கொண்டுபோனேன். கந்தகம்தான் பதில்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இது ஆசிரியரோ, விஷயம் தெரிந்த பெரியவரோ முன்னால் நின்று செய்ய வேண்டிய வேலை. பிள்ளைகள் தனியாக வீட்டுக் குசினியில் செய்யக் கூடாது. உருகிய கந்தகம் தோலில் ஒட்டினால் உதறிவிட முடியாது. தீப்பிடித்தால் வரும் கந்தகவீரொட்சைட்டு நெஞ்சை அடைக்கும். இழுப்பு உள்ள பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் அவர்களைக் காற்று வரும் பக்கம் தள்ளி நிறுத்துங்கள். உருக்கும் நாளில் வேறு வேலை கொடுத்து உள்ளே வைத்திருந்தால் இன்னும் நல்லது.

உருக்குவதற்கு முன் நிலாவைப் பார்க்க வேண்டும். அதற்குப் போயா, அதாவது பௌர்ணமி, இரவு வசதி. மழையும் பனிமூட்டமும் இல்லாத போயாவாகப் பார்த்து, பிள்ளைகளை லயத்து முற்றத்தில் நின்று நிலாவில் தெரியும் முயலைக் கொப்பியில் வரைந்துவரச் சொல்லுங்கள். அந்த முயலின் உடம்பு முழுக்கக் கரிய கல் சமவெளி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பொங்கிப் பரவி இறுகிய பசாற்று அது. அந்த இடங்களுக்குத்தான் கடல்கள் என்று பெயர். 1969இல் அப்பலோ 11 இறங்கிய அமைதிக் கடலும் அந்தக் கருமைக்குள்தான் இருக்கிறது. அங்கிருந்தும் அப்பலோ 17 போன இடத்திலிருந்தும் கொண்டுவந்த பசாற்றுக் கற்களில் கந்தகம் 0.16 முதல் 0.27 சதவீதம் வரை இருந்தது. முயலைச் சுற்றி வெள்ளையாகத் தெரிகிற மேட்டு நிலத்தில் பொதுவாக அதைவிடக் குறைவு. ஆக, கந்தகம் அதிகம் எங்கே என்று வெறுங்கண்ணாலேயே ஒரு வரைபடம் போடலாம். வரைந்த முயலுக்கு மஞ்சள் பென்சிலால் நிறம் தீட்டச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் அந்தப் படங்கள் இன்னும் சுவரில் இருக்கின்றன.

0.2 சதவீதம் என்றால் எவ்வளவு? பிள்ளைகளுக்கு இது வெறும் எண்ணாகவே நின்றுவிடும். நான் கணக்கைக் கொழுந்துக் கூடையில் போட்டேன். எங்கள் தோட்டத்தில் ஒரு முழுப்பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ கொழுந்து கொடுக்க வேண்டும். காலையிலிருந்து மலையில் நின்று, மடுவத்தில் நிறுத்து, அதற்குத்தான் பேர் விழும். இப்போது அந்தக் கூடைகளில் கொழுந்துக்குப் பதில் 18 கிலோ நிலாப் பசாற்று இருக்கிறது என்று வையுங்கள். அதில் உள்ள கந்தகம் முழுவதையும் ஒரு மில்லிகிராம் விடாமல் எடுத்தாலும் 36 கிராம்தான் கிடைக்கும். நாங்கள் வார்க்கப்போகும் ஒரே ஒரு சின்னக் கல்லுக்கு 35 கிராம் வேண்டும். ஸ்டோரில் நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் வருவது பிள்ளைகளுக்குத் தெரியும். அதோடு ஒப்பிட்டுப் பார்த்து அவர்களே வாயைப் பிளந்தார்கள். நிலாவில் கந்தகம் எடுப்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்று அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். இந்தக் கணக்கைச் சொன்னபோது, "ஒரு நாள் பேருக்கு ஒரு கல்லா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

சரி, சாமான்களுக்கு வருவோம்.

கந்தகம் 35 கிராம் ஒரு கல்லுக்கு. இதில் தவறு நடப்பது சுலபம். நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் இலையில் மாவு பூத்தது போல வரும் நோய்க்கு அடிக்கிற, தண்ணீரில் கரைத்து விசிறும் கந்தகம் விவசாய மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்க வேண்டாம். அதில் தண்ணீரோடு கலப்பதற்காக வேறு பொருட்கள் சேர்த்திருப்பார்கள். சூடாக்கினால் நுரைக்கும், புகையும், கல் உறுதியாக வராது. ஆய்வுகூடத்துக்கு வரும் சுத்தமான கந்தகத் தூள் நல்லது. இல்லையென்றால் நாட்டு மருந்துக் கடையில் மஞ்சள் கட்டியாக விற்பார்களே, அதை வாங்கி இடித்துக்கொள்ளலாம்.

கல்தூள் 65 கிராம். கல்லுடைக்கும் இடத்தில் மெஷினுக்கு அடியில் குவியும் தூளை ஒரு பை கேட்டு வாங்கிவந்து தேத்தண்ணி வடியில் சலியுங்கள். எங்கள் மலைகளில் பசாற்று கிடையாது. இங்கே இருப்பது சாணோக்கைற்று, நைசு என்று பூமியின் ஆழத்தில் வெந்து எழுந்த மிகப் பழைய பாறைகள். நிலா மண்ணுக்கு அது சரியான மாற்று இல்லை, ஆனால் வார்ப்பதற்குப் போதும். உண்மையான மாற்று மண் எங்கிருந்து வருகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அமெரிக்காவில் ஜேஎஸ்சி-1 என்ற மாற்று மண்ணை அரிசோனா மாநிலத்தின் எரிமலைச் சாம்பலிலிருந்து செய்தார்கள். சந்திரயான் இறங்கிப் பழகிய மண்ணுக்கு வேண்டிய அனோர்தசைற்றுப் பாறை தமிழ்நாட்டில் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கத்திலிருந்து போனது. நிலாவின் வெள்ளை மேட்டு நிலமும் அந்தப் பாறை இனம்தான்.

மற்றவை: ஒரு ஹொட் பிளேட், பழைய தாச்சி ஒன்று, அதில் பாதிக்கு உலர்ந்த மணல், கழுவிக் காயவைத்த டின்மீன் டின் இரண்டு, இடுக்கி, மரக்கரண்டி, கனமான கையுறை, கண்ணாடி, பக்கத்தில் இன்னொரு வாளி உலர்ந்த மணல், டின்னை மூடும் அளவில் ஒரு தகர மூடி. செம்பு, பித்தளைப் பாத்திரம் வேண்டாம்; கந்தகம் அவற்றைக் கறுப்பாக்கிவிடும். வெள்ளிக் கொலுசு, மோதிரம் போட்ட பிள்ளைகளும் கழற்றி வைக்கட்டும்.

வெப்பமானியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பிழைவிட்டது அங்கேதான். பாடசாலைகளில் பெரும்பாலும் இருப்பது 110 பாகை வரை காட்டும் வெப்பமானி. கந்தகம் உருகுவதோ ஏறத்தாழ 119 பாகை செல்சியஸில். முதல் தடவை நான் யோசிக்காமல் 110 பாகை வெப்பமானியை உள்ளே விட்டேன். நிறம் மாறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். குமிழ் வெடித்துவிட்டது. நல்ல காலம், அது இரசம் உள்ளது இல்லை, சிவப்பு மதுசாரம் உள்ளது. அந்த டின்னை அப்படியே மணலில் புதைத்து ஆறவிட்டு, அன்றைய வேலையை நிறுத்தினேன். இப்போது கேக் சாமான் விற்கும் கடையில் வாங்கிய, 250 பாகை வரை காட்டும் கம்பி வெப்பமானி வைத்திருக்கிறேன். அது இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

அச்சு செய்வது லேசு. அப்பியாசக் கொப்பியின் தடித்த மட்டையை மடித்து 15 சென்ரிமீட்டர் நீளம், 2 சென்ரிமீட்டர் அகலம், 1 சென்ரிமீட்டர் உயரத்தில் ஒரு தொட்டி. உள்ளே அலுமினியத் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். மிச்சக் கலவையை ஊற்ற ஒரு நெருப்புப்பெட்டியின் உள் தட்டையும் அதே மாதிரித் தாள் போட்டுத் தயாராக வையுங்கள்.

இனி வேலை. கூரையுள்ள திறந்த இடமாக இருக்கட்டும். எங்களுக்கு விஞ்ஞான கூடத்து இஸ்தோப்பு. காற்று உங்கள் முதுகிலிருந்து வீச வேண்டும். ஹொட் பிளேட்டில் தாச்சியை வைத்து மணலைச் சூடாக்குங்கள். நேரடி நெருப்பு வேண்டாம், காஸ் அடுப்பும் வேண்டாம். கந்தக ஆவி சுடரில் பற்றிக்கொள்ளும். பிள்ளைகள் ஏன் தண்ணீர்த் தொட்டியில் வைத்து உருக்கக் கூடாது என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஹட்டன் பக்கம் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் ஏறாது. கொழும்பிலிருந்து கலியாணம் முடித்து வந்த அண்ணி, கடலை அவியவே மாட்டேன் என்கிறது என்று எங்கள் அடுப்பைக் குறை சொல்வார். குறை அடுப்பில் இல்லை, இங்கே காற்றின் அழுத்தம் குறைவு. மேலே போகப் போகத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். அப்படியே மேலே போய்க் காற்றே இல்லாத இடத்துக்குப் போனால்? அங்கே வெளியில் வைத்த தண்ணீர் சூடே இல்லாமல் கொதித்து ஆவியாகிவிடும். நிலாவில் சீமெந்து குழைப்பதில் உள்ள சிக்கல் இதுதான். தண்ணீரை எடுத்துப்போவதும் கஷ்டம், எடுத்துப்போனாலும் அது கலவைக்குள் நிற்காது. அந்தப் பையனின் கேள்விக்குப் பாதிப் பதில் எங்கள் கடலைச் சட்டியிலேயே இருந்தது.

முதல் டின்னில் கல்தூளைப் போட்டு, கடலை வறுப்பது போலக் கிளறிக் கிளறி ஈரம் போக வறுத்து 140 பாகைக்குக் கொண்டுவாருங்கள். ஈரம் இருந்தால் கல்லுக்குள் ஓட்டை ஓட்டையாக வரும். ஆறிய தூளில் கந்தகத்தை ஊற்றினால் பட்ட இடத்திலேயே உறைந்து கட்டி கட்டியாகும். அதனால் இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும்.

இரண்டாவது டின்னில் கந்தகம். மணலுக்குள் பாதி புதையும்படி வையுங்கள். இப்போது எல்லாரும் டின்னையே பார்க்கட்டும். முதலில் ஓரத்தில் தூள் நனைந்தது போல் கருக்கும். அப்புறம் விளிம்பிலிருந்து நடுவுக்கு மஞ்சள் நீர் ஓடும். முழுதும் உருகியதும் பார்த்தால் நல்லெண்ணெய் போலத் தெளிவாக, தேன் நிறத்தில், தண்ணீரை விடக் கொஞ்சம்தான் தடிப்பாக அசையும். இது 120க்கும் 150க்கும் இடைப்பட்ட நிலை. வேலை செய்ய வேண்டியது இந்த இடைவெளியில் மட்டும்தான். 159 பாகையைத் தாண்டினால் எட்டு அணுக்கள் வளையமாக நின்ற கந்தகம் அறுந்து நீண்ட சங்கிலிகளாகும். நிறம் சிவந்து கறுக்கும், கரண்டி நகராத பாகாகிவிடும். அதற்கு மேல் போனால் தீப்பிடிக்கும் ஆபத்தும் வருகிறது. நான் 140இல் நிறுத்திக்கொள்கிறேன்.

கந்தகம் தீப்பிடித்தால் சுடர் நீலமாக இருக்கும். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. எரிந்த நெருப்புக்குச்சி மணம் மூக்கில் ஏறினால் அதுதான் அறிகுறி. தகர மூடியால் டின்னை மூடுங்கள், அல்லது மணலைக் கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. உருகிய கந்தகம் தெறிக்கும்.

தெளிந்த கந்தகத்துக்குள் சூடான கல்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மரக்கரண்டியால் கிண்டுங்கள். ஒரு நிமிடத்தில் ரவைக் கஞ்சி பதத்துக்கு வரும். தாமதிக்காமல் அச்சில் ஊற்றி, கரண்டி நுனியால் குத்திக் குத்தி அமர்த்துங்கள். மிச்சத்தை நெருப்புப்பெட்டிக்குள் விடுங்கள். ஆறும்போது கந்தகம் சுருங்கும், நடுவில் பள்ளம் விழும். டின்னில் கொஞ்சம் மீதம் வைத்திருந்து அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். பத்து நிமிடத்தில் மேல் இறுகிவிடும், ஒரு மணித்தியாலத்தில் அச்சைக் கழற்றலாம். சீமெந்துக்கு இருபத்தெட்டு நாள் தண்ணீர் காட்டச் சொல்வார்களே, அந்தக் கதை இதற்கு இல்லை. அடுத்த நாளே சோதித்துப் பார்க்கலாம்.

35 பங்கு கந்தகம், 65 பங்கு மண் என்ற அளவு நான் கண்டுபிடித்தது இல்லை. நாசாவின் மார்ஷல் நிலையத்தில் வேலை செய்த ரிச்சர்ட் குரூகல், அலபாமாப் பல்கலைக்கழகத்தின் ஹுசாம் தூதான்ஜி ஆகியோர் ஜேஎஸ்சி-1 மண்ணை வைத்து இந்த அளவில் கல் வார்த்துச் சோதித்தார்கள்.

இனிச் சோதனை. வார்த்த கல்லை இரண்டு மேசைகளுக்கு நடுவே 12 சென்ரிமீட்டர் இடைவெளி விட்டுக் குறுக்காக வையுங்கள். நடுவில் கயிறு போட்டு ஒரு வாளியைத் தொங்கவிட்டு, அளவுக் கிண்ணத்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போங்கள். எத்தனை லீற்றரில் முறிகிறது என்று எழுதுங்கள். வாளி விழும் இடத்தில் பழைய சாக்குப் போட்டு, கால்களைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். எங்கள் முதல் கல் ஐந்து லீற்றருக்குக் கிட்டப் போய்த்தான் முறிந்தது. ஊற்றிக்கொண்டிருந்த பிள்ளையின் கை நடுங்கியதைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கல்லை நிலாவின் இரவுக்கு அனுப்புங்கள். எங்களுக்கு அது ஒரு தெரிந்தவரின் கடை ஐஸ்பெட்டி. இரவு முழுக்க உள்ளே, பகல் முழுக்க வெயிலில். இப்படிப் பத்து நாள். அதற்குப் பிறகு வாளிச் சோதனை. எங்கள் கல் முதலாவதை விட ஒரு லீற்றர் முன்னதாகவே விட்டுக்கொடுத்தது. ஐஸ்பெட்டி என்றால் பூச்சியத்துக்குக் கீழே 18 பாகைதான். நிலாவின் நடுக்கோட்டுப் பகுதியில் பகலில் 120 பாகை வரை ஏறும், இரவில் பூச்சியத்துக்குக் கீழே 130 வரை இறங்கும். குரூகல் தன் கற்களைத் திரவ நைதரசனின் குளிருக்கும் அறை வெப்பத்துக்கும் இடையே திரும்பத் திரும்ப மாற்றினார். குளிருக்குப் போகாத கல் 35 மெகாபாஸ்கல் அழுத்தம் தாங்கியது. போய்வந்த கல் 7இலேயே நொறுங்கியது. ஐந்தில் ஒரு பங்கு!

ஏன் என்பதை முறிந்த முகத்தில் பார்க்கலாம். கைவில்லையை எடுத்து இரண்டு கல்லின் முறிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் கல்லில் மணிகள் எல்லாம் மஞ்சள் பூச்சோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். குளிருக்குப் போன கல்லில் அங்கங்கே மணி வெறுமையாக, கழுவிவிட்டது போல் தெரியும். கந்தகம் அதைவிட்டு விலகியிருக்கும். கந்தகமும் கல்லும் ஒரே அளவில் சுருங்கி விரிவதில்லை. ஒவ்வொரு இரவும் இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி விழுகிறது. குரூகல் நுணுக்குக்காட்டியில் பார்த்ததும் இதே விலகலைத்தான். என் மாணவி ஒருத்தி இதை வரைந்து, கீழே "மணி கழன்றது" என்று எழுதியிருந்தாள். அதை விட நல்ல குறிப்பை நான் எழுதியிருக்க மாட்டேன்.

நடுக்கோட்டுப் பகலின் 120 பாகையையும் கந்தகம் உருகும் 119 பாகையையும் பிள்ளைகள் தாங்களே பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அங்கே வெயிலில் நிற்கும் சுவர் மத்தியானத்தில் இளகிவிடும். போதாததற்கு, காற்றில்லாத இடத்தில் கந்தகம் உருகாமலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும். சூடு கூடக் கூட அது வேகமாகும். குரூகலும் தூதான்ஜியும் வெற்றிடத்தில் வைத்த கற்களிலிருந்து கந்தகம் இப்படிக் கழிந்ததை அளந்தார்கள். ஆகவே இந்தக் கல்லை மண்ணால் மூடிய சுவர், நிழலில் போடும் தளம், ரொக்கெட் இறங்கும் இடத்தைச் சுற்றிய தடுப்பு என்று இடம் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். குளிர்ந்த துருவப் பக்கம் அதற்கு ஏற்ற இடம் என்பது என் அபிப்பிராயம்.

துருவப் பக்கம் கந்தகம் இருக்கிறதா? 2023 ஓகஸ்ட் 23ஆம் திகதி சந்திரயான்-3 தென்துருவத்துக்குக் கிட்ட, 69 பாகை தெற்கு அகலக்கோட்டில் இறங்கியது. அதன் திட்டப் பணிப்பாளர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல். இறங்கிய சில நாட்களுக்குள் பிரக்யான் ஊர்தி லேசர்க் கதிரை மண்ணில் பாய்ச்சி, கிளம்பிய பொறியின் ஒளியைப் பிரித்துப் பார்த்துக் கந்தகம் இருப்பதைச் சொன்னது. ஊர்தியில் இருந்த இன்னொரு கருவியும் அதை உறுதிசெய்தது. லேசர் முறையின் அடிப்படையை வகுப்பில் காட்டுவதும் லேசு: மதுசார விளக்கின் சுடரில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவுங்கள். சோடியம் மஞ்சளாகப் பேசும். ஒவ்வொரு மூலகத்துக்கும் இப்படி ஒரு நிறக் கையெழுத்து உண்டு.

நிலாக் கல்லில் கந்தகம் மஞ்சள் கட்டியாகக் கிடப்பதில்லை. பெரும்பாலும் இரும்போடு சேர்ந்து திரொயிலைற்று என்ற கனிமமாகச் சின்னச் சின்ன மணிகளாக இருக்கும். 1766இல் இத்தாலியில் விழுந்த ஒரு விண்கல்லை விவரித்த திரொயிலி என்ற பாதிரியாரின் பெயர் அது. பூமியில் அபூர்வம், விண்கற்களிலும் நிலாவிலும் சாதாரணம். சாதாரண தரப் பாடத்தில் 7 பங்கு இரும்புத் தூளும் 4 பங்கு கந்தகமும் சேர்த்துச் சூடாக்குகிறோமே, அந்தக் கறுப்புக் கட்டியின் சேர்மானம்தான் இதற்கும். அந்தச் செய்முறையைச் செய்யும் நாளில் "இது நிலாக் கல்லில் இருப்பது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், வகுப்பே கிட்ட வரும். அமிலத்தை மட்டும் அதில் விட வேண்டாம். அழுகிய முட்டை மணமுள்ள ஐதரசன் சல்பைட்டு நச்சுவாயு.

அதிலிருந்து கந்தகத்தைப் பிரிக்க மண்ணை 1,000 பாகைக்கு மேல் சூடாக்க வேண்டிவரும். கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் நிலாவில் மூச்சுக்கும் எரிபொருளுக்கும் ஒட்சிசன் எடுக்க எப்படியும் மண்ணைச் சூடாக்கத்தான் போகிறார்கள். அப்போது கந்தகம் கூடவே ஆவியாகி வரும். அதைப் பிடித்து வைக்காவிட்டால் குழாயையும் வினையூக்கியையும் கெடுக்கும். 2009இல் நாசாவின் எல்குரொஸ் திட்டத்தில் ஒரு ரொக்கெட் பகுதியை நிலாவின் தென்துருவப் பக்கத்துக் கபேயஸ் பள்ளத்தில் மோதவிட்டுக் கிளப்பிய புழுதியில் தண்ணீரோடு ஐதரசன் சல்பைட்டும் தெரிந்தது. அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டுமானாலும் முதலில் கந்தகத்தைப் பிரிக்கத்தான் வேண்டும். எப்படியும் பிரிக்கிற பொருளை வீசாமல் கல்லாக வார்க்கலாம் என்பதுதான் இந்த யோசனையின் பலம். லித்தியம்-கந்தக மின்கலம், கந்தக அமிலம், அங்கே கூடாரத்துக்குள் வளர்க்கும் பயிருக்கு உரம் என்று வேறு வேலைகளும் அதற்கு உண்டு. தேயிலைக்குப் போடும் அமோனியம் சல்பேற்றைத் தெரிந்த பிள்ளைகளுக்கு உரத்தைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை.

எல்லாக் கல்லையும் உடைத்துச் சூடாக்கிவிடவும் கூடாது. 1972இல் அப்பலோ 17 கொண்டுவந்த ஒரு குழாய் மண்ணை மூடியபடியே வைத்திருந்து 2022இல்தான் திறந்தார்கள். அந்த இடத்துத் திரொயிலைற்றில் கந்தகம்-33 என்ற சமதானி (அதே கந்தகத்தின் நிறை வேறுபட்ட அணுவகை) பூமியில் இருப்பதை விடக் குறைவு என்று பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டொட்டினின் குழு 2025இல் சொன்னது. நிலா உருவான காலத்துச் சங்கதி அதற்குள் பதிந்திருக்கலாம். ஐம்பது வருடம் பொறுத்துத் திறந்த அந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடித்தது.

கடைசியாக, மிச்சம் மீதியைப் பற்றி. ஒட்டிய டின்களைக் கழுவ முயல வேண்டாம், அடுத்த வார்ப்புக்கு அப்படியே வையுங்கள். கந்தகத் தூளை நெருப்புக்கும் ஈரத்துக்கும் எட்டாத அலுமாரியில் பூட்டுங்கள். முறிந்த துண்டுகளை எறியாதீர்கள். சீமெந்துக் கல் உடைந்தால் உடைந்ததுதான், ஆனால் இதைத் திரும்ப 140 பாகைக்குக் கொண்டுபோனால் மறுபடி உருகும், மறுபடி வார்க்கலாம். ஜன்னல் கட்டையில் இருப்பது எங்கள் மூன்றாவது கல். முதல் இரண்டு கல்லின் துண்டுகளும் அதற்குள்தான் இருக்கின்றன. வரும் தவணையில் தரம் 10க்கு வரும் பிள்ளைகள் அதை முறித்து நான்காவதை வார்ப்பார்கள். கொப்பியில் அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டுவைத்திருக்கிறேன்.